வளரக்கா நிக்கற எடம்

காலு ரெண்டையும் ஐஸ் தொட்டிக்குள்ள விட்டாச்சு. மரத்துப்போற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, அதுக்குள்ள இருக்கறதா போறதான்னு ஒரு முடிவுக்கு வந்துரணும். ஆத்தாடி, என்னா குளிரு. தினம் விடற காலுதான், தினமும் முதத் தடவை மாதிரியே பதறுது. முதல்ல குத்தும், அப்புறம் எரியும், அப்புறம் ஒண்ணுமே தெரியாது, அந்த ஒண்ணும் தெரியாதது வந்துட்டா சொகம், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு சுவத்தைப் பாக்கணும். சுவத்துல என்ன இருக்கு, போன வருஷக் காலண்டரு, பக்கத்துல தசைநாரெல்லாம் செவப்பா வரைஞ்ச ஒரு ஆளு, தோலே இல்லாம சிரிச்சுக்கிட்டு நிக்கறான். நீல ட்ரம்மைக் குறுக்கால அறுத்துச் செஞ்ச தொட்டி இது. மீன் கடைக்குப் போற வண்டியிலதான் எங்களுக்கும் ஐஸ் வருது, கோணிப்பையில போட்டு நொறுக்கிக் கொட்டிட்டுப் போவாய்ங்க, மத்தவளுகளுக்கு அந்த வாடை ஆகாது, எனக்கு என்னமோ புடிக்கும், ஞாயித்துக்கிழமை எங்க அம்மா அடுப்படி வாடை. அம்மா நேத்து போன்ல என்னா சொல்லுச்சு, "என்னமோ ஏஜென்டுங்கறியே, இன்சூரன்ஸ் புடிக்கப் போறியாடி, இந்த வயசுல வீடு வீடா அலையணுமா"ன்னு ஒரே பொலம்பல். இல்லம்மா, ஃப்ரீ ஏஜென்டுன்னா அது இல்ல, இந்த கோயம்புத்தூர் கிளப்போட எனக்கு இருந்த ஒப்பந்தம் இந்த சீசனோட முடியுது, இருக்கேன்னு சொன்னா மறுபடி இவுங்களுக்கே ஆடுவேன், இல்லன்னு சொன்னா என் பேரு வெளிய வந்துரும், எந்த ஊரு கிளப் வேணும்னாலும் என்னையக் கூப்புடலாம்னு சொன்னேன். "யாரும் கூப்புடலன்னா?"ன்னு கேட்டுச்சு. அம்மாவுக்குன்னு எங்கருந்துதான் இந்தக் கேள்வியெல்லாம் வருமோ தெரியல. மேனேஜர் குப்புராஜ் சார் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வந்து கேப்பாரு, அவருக்கு ஒரு பதில் சொல்லணும்.

சுவத்துக்கு அந்தப் பக்கம் கோர்ட்டுல பாஸ்கெட்பால் தட்டற சத்தம் கேக்குது. டக், டக், டக். அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் வலை உரசற சத்தம், சர்ருன்னு. பாக்காமயே சொல்லிருவேன், அது வளரக்கா. ப்ராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் குளிக்கப் போனப்புறம் கூடைக்கு நேரா கோட்டுல தனியா நின்னு ஃப்ரீ த்ரோ போடும். பாலை மூணு தட்டுத் தட்டும், புடிச்சு நிறுத்தும், மூச்சு விடும், போடும். அந்த நடுவுல இருக்கற அமைதியிலதான் எனக்கு உசுரு. எத்தனையோ மேட்ச்சுல, கடைசி நேரத்துல, அரங்கமே கூச்சல் போட்டுக்கிட்டு இருக்கும்போது, நான் நடுக்கோட்டுல நின்னுக்கிட்டு அந்த ஒரு மூச்சை மட்டும் கேட்டிருக்கேன். வளர்மதிங்கறது முழுப்பேரு, கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம், ஆளு அவ்வளவு ஒசரம், நான் பக்கத்துல நின்னா அதோட தோளுக்குக் கூட வர மாட்டேன். பஸ்ஸுல ஏறுச்சுன்னா குனியும். வாசப்படியில குனியும். கல்யாண வீட்டுல போட்டோ எடுக்கும்போது முட்டியை மடக்கி நிக்கும். பொண்ணு பாக்க வந்தவய்ங்க எல்லாம் காபியக் குடிச்சுட்டு, அது எந்திரிச்சு நின்னதும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டுப் போயிட்டாய்ங்களாம், அதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. "மத்த எடத்துல எல்லாம் நான் கொஞ்சம் அதிகமா இருக்கறேன் புள்ள, இந்தக் கோட்டுக்குள்ள வந்தாத்தான் சரியா இருக்கறேன்"னு ஒரு தடவை சொல்லுச்சு. நான் அன்னைக்கு ராத்திரி பூரா அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன், ஒரு மனுசிக்கு ஒலகத்துலயே ஒரே ஒரு எடந்தான் அளவா இருக்குன்னா அந்த எடத்தை அவ எப்படிப் புடிச்சுக்கிட்டு இருப்பான்னு. சர்ருனு மறுபடி. அதுவும் உள்ள போயிருச்சு.

அக்கா என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும், அக்கா மேல வந்து மோதுனவளுகளுக்குத் தெரியும், அவ்வளவுதான். நான் பாலை உருட்டிக்கிட்டு வருவேன், என்னைய ஒட்டிக்கிட்டே ஒருத்தி வருவா, அக்கா வந்து அவ வழியில கல்லுத்தூணு மாதிரி நின்னுரும். ஸ்க்ரீன்னு சொல்றது அதைத்தான். வர்றவ பாக்காம வந்து நெஞ்சுல மோதுவா, முழங்கையால இடிப்பா, அக்கா அசையாது, அசைஞ்சா ஃபவுல். ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு அடிய வாங்கிக்கிட்டு நிக்கும். அவ அங்க தடுக்கி நிக்கற நேரத்துல நான் சுத்திக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் அக்கா திரும்பி கூடைக்கு இடப்பக்கம், கோடு முடியற மூலைக்கு வந்து நிக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். வலப்பக்கம் பாத்துக்கிட்டே முதுகுக்குப் பின்னால இடப்பக்கம் விட்டுருவேன் பாலை. அக்கா கைக்குப் போகும், அக்கா போர்டுல தட்டி உள்ள போடும். கூட்டம் எந்திரிச்சுக் கத்தும். யாருக்குக் கத்தும், எனக்கு. பேப்பர்ல என் போட்டோதான் வரும், 'பார்க்காமலே பந்து வீசும் ஜெனிட்டா'ன்னு போட்டாய்ங்க ஒரு தடவை, எங்க சர்ச்சுல ஃபாதர் அதைப் பூசை முடிஞ்சு வாசிச்சாரு. அக்கா வெலாவுல நீலமா இருந்த ரத்தக்கட்ட யாரு போட்டோ எடுத்தா? நான்தான் தைலம் தேச்சு விட்டேன். தேய்க்கும்போது "நல்ல பாஸ் புள்ள"ன்னு என்னையப் பாராட்டுது அது, கோவம் கோவமா வந்துச்சு எனக்கு. பாக்காம போடறது பெரிய வித்தையா, போடற எடத்துல எப்பவும் இருக்கறதுதான் வித்தை, எத்தனை வருஷமா ஒரு தடவை கூட அக்கா அங்க இல்லாம இருந்ததில்ல. கணுக்காலு இப்ப எரிய ஆரம்பிச்சிருச்சு, நல்லதுதான்.

இல்லாம இருந்ததில்லன்னு சொன்னா, கொச்சியில இல்ல. அதை நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு, சிரிப்பாவும் இருக்கு. கோடை லீவுல கொச்சி கிளப்காரங்க "வந்து சும்மா ஒரு ஃப்ரெண்ட்லி ஆடிட்டுப் போங்க"ன்னு கூப்புட்டாங்க, சும்மாவாவது, எல்லாம் என்னைய நோட்டம் பாக்கத்தான். போனேன். நல்ல கோர்ட்டு, பளபளன்னு மரத்தரை, ஓரத்துல நாற்காலி போட்டு முதலாளியும் முதலாளியம்மாவும் உக்காந்திருந்தாங்க. புதுப் புள்ளைக, என் வயசுக்கு தங்கச்சிக மாதிரி, சேச்சி சேச்சின்னு சுத்திச் சுத்தி வந்துச்சுக. ஆட்டம் ஆரம்பிச்சு நல்லாத்தான் போச்சு. ஒருத்தி ஸ்க்ரீன் போட்டா, நான் சுத்திக்கிட்டுப் போனேன், வலப்பக்கம் பாத்தேன், முதுகுக்குப் பின்னால விட்டேன். கூட்டம் கத்தலையேன்னு திரும்பிப் பாக்கறேன், முதலாளியம்மா மடியில இருந்த தட்டு காத்துல பறக்குது, பழம்பொரி, அதான் நம்ம வாழைப்பழ பஜ்ஜி, எல்லாம் தரையில உருளுது. இடப்பக்கம் மூலையில ஒரு ஈ காக்கா இல்ல. நான் கொச்சியில நின்னுக்கிட்டு கோயம்புத்தூர்ல இருக்கற வளரக்காவுக்கு பாஸ் போட்டிருக்கேன். அந்தம்மா நல்ல மாதிரி, சேலையத் தொடச்சுக்கிட்டே "சாரமில்லா மோளே"ன்னு, பரவாயில்ல மகளேன்னு சிரிச்சுது. அடுத்த நிமிஷமே மறுபடி அதே மாதிரி போட்டேன், அதான் கொடுமை, கையி கேட்டாத்தானே. ஊருக்கு வந்து அக்காகிட்ட இதை நடிச்சே காட்டுனேன், தட்டு எப்படிப் பறந்துச்சு, அந்தம்மா மூஞ்சி எப்படிப் போச்சுன்னு. டீக்கடையில எல்லாவளுகளும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாளுக. அக்கா மட்டும் சிரிக்கல. "அங்க யாரு நின்னா?"ன்னு கேட்டுச்சு. யாருமே இல்லக்கான்னேன். டீய முழுசாக் குடிச்சு டம்ளரை வெச்சுட்டு, "ம்"னுச்சு. நான் போனது புடிக்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அவ்வளவு அசிங்கப்பட்டும் கொச்சிக்காரங்க இன்னும் கேக்கறாங்க. "நீங்க வெளிய வந்தாப் போதும், மறுநாளே பேசிரலாம், உங்களை வெச்சுத்தான் டீமே கட்டப்போறோம்"ங்கறாங்க. உங்களை வெச்சுத்தான். இந்த வார்த்தையக் கேட்டா யாருக்குத்தான் ஆசை வராது. வருது. பொய் சொல்லக் கூடாது, நெஞ்சுக்குள்ள குறுகுறுன்னு வருது. இங்க எல்லாம் பழகிப்போச்சு, கோச்சு ஒரு விசில் ஊதுனா எந்த ஆட்டம்னு தெரியும், காலு தானாப் போகும். அங்க போனா நான் யோசிக்கணும், நான் சொல்லணும், நான் அந்தச் சின்னப்புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஓடணும். இன்னும் கொஞ்ச வருஷந்தான் இந்தக் காலுக்கு. அதுக்குள்ள ஒரு தடவையாச்சும் நான் யாருன்னு பாத்துரணும்ல. பாத்து, நான் ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சுட்டா? அதான் பயம். வேற எந்தப் பயமும் இல்ல, ஊரு புதுசு, பாஷை புதுசு, அதெல்லாம் சமாளிச்சுரலாம். எனக்கு வித்தைன்னு ஊரே சொல்றது எல்லாம் இன்னொருத்தி போயி நிக்கற எடந்தானா, அவ இல்லன்னா என் பாஸ் எல்லாம் எவ தட்டுலயாவது போயி விழுகறதுதானான்னு ஒரு பயம். ராத்திரி படுத்தா அந்தத் தட்டுதான் பறக்குது. பேசாம இங்கயே இருந்துரலாம். இருந்துரு ஜெனிட்டா, எதுக்கு வம்பு. இருந்துட்டா கேள்வியே இல்ல. கேள்வி இல்லாமயே வயசாயிரும்.

ஆனா இங்க இருந்தாலும் எத்தனை நாளைக்கு அக்கா அங்க நிக்கும்? இன்னைக்குக் காலையில நிக்கலையே. இதை நெனைக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நேரமா சுவத்துல தோலுரிஞ்சவனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வாரமாவே சரியில்ல. முதல்ல ஒரு பாஸ் வெளிய போச்சு, சரி, கை வழுக்கிருச்சுன்னு விட்டேன். மறுநாளும் போச்சு. இன்னைக்கு அடுத்தடுத்து போச்சு, ஸ்க்ரீன் போட்டுச்சு, நான் சுத்திப் போனேன், பின்னால விட்டேன், பாலு நேரா சுவத்துல போயி டமார்னு அடிச்சுத் திரும்புது. கோச்சுக்கு மூஞ்சி செவந்துருச்சு. "வளர்மதி, காலு இருக்கா இல்லையா உனக்கு? எங்க நிக்கணும்னு இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நான் சொல்லித் தரணுமா? முடியலன்னா சொல்லிரு, வேற ஆளைப் பாத்துக்கறேன்"ன்னு அத்தனை சின்னப்புள்ளைக முன்னாடி. அக்கா, "சாரி கோச்"னுச்சு. முட்டியில மாட்டியிருந்த உறைய மேல இழுத்துவிட்டுக்கிட்டுப் போயிருச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, வேர்வைன்னு தொடச்சுக்கிட்டேன். ஒப்பந்தம் முடியற வாரம் இது, அக்காவுக்கும் முடியுது, கோச்சு என்ன பாக்கறாரோ அதைத்தான் மேனேஜர் எழுதுவாரு. இந்த வாரம் பாத்தா இப்படி ஆகணும். ஆனா ஒண்ணு. ஒண்ணு இடிக்குது, என்னன்னு புடிபட மாட்டேங்குது. மஞ்சளா என்னமோ. பாலு சுவத்துல அடிச்சப்ப கண்ணு ஓரத்துல மஞ்சளா என்னமோ ஒசரத்துல இருந்துச்சு. அக்கா வேர்வை தொடைக்க மணிக்கட்டுல ஒரு மஞ்சக் கைக்குட்டையக் கட்டியிருக்கும், அதுதான். அது மஞ்சதான், எப்பவும் மஞ்சதான், அதுல என்ன இருக்கு. அதை எதுக்குத் திரும்பத் திரும்ப நெனைக்கிறேன்னு தெரியல.

முட்டிதான். முட்டி போயிருச்சு அக்காவுக்கு. மாடிப்படி எறங்கும்போது கைப்பிடியப் புடிச்சுக்கிட்டுப் பக்கவாட்டுல எறங்குது, நான் பாக்காத மாதிரி முன்னாடி போயிருவேன். நான் போயிட்டா இந்தக் கிளப் அக்காவ வெச்சுக்குமா? போன தடவை ஒப்பந்தம் போடும்போது குப்புராஜ் சாரு என்னா சொன்னாரு, "நீங்க ரெண்டு பேரும் ஒரு செட்டும்மா, டம்ளரு டவரா மாதிரி, ஒண்ண மட்டும் வாங்க முடியாது"ன்னு சிரிச்சுக்கிட்டே எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுத்தான் பேசுனாரு. நாங்களும் சிரிச்சோம். இப்ப டம்ளரு கெளம்பிப் போச்சுன்னா வெறும் டவராவ எவன் வெச்சுக்குவான், அதுவும் அடிபட்டு நெளிஞ்ச டவராவ. அக்கா எங்க போகும்? வேலைக்கா? வேலை கெடைக்கும், ஸ்கூல்ல பி.டி. டீச்சர் வேலை தர்றேன்னு எத்தனையோ பேரு சொல்லிட்டாங்க. அது இல்ல விசயம். பஸ்ஸுல குனியும், வாசப்படியில குனியும், ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல குனியும், நிமிந்து நிக்க ஒரு எடம் இருக்காதே. நான் கொச்சியில போயி நிமிந்து நிக்கறதுக்காக அக்கா இங்க குனியணுமா? ஏசப்பா, இது என்னா கணக்கு. இருந்துரு. இருந்துருன்னுதான் சொல்லப்போறேன். சொன்னா அக்காவுக்கு இன்னும் ரெண்டு வருஷம். ஆனா அக்காவுக்குத் தெரிஞ்சா செவுட்டுல ஒண்ணு விடும், "உன்னைய யாரு எனக்காக இருக்கச் சொன்னா"ன்னு கேக்கும். தெரியாமப் பாத்துக்கலாம். அக்காவுக்குத் தெரியாம எதையாவது நான் என்னைக்காவது செஞ்சிருக்கேனா, நான் எந்தப் பக்கம் திரும்புவேன்னு எனக்கு முன்னாடி தெரிஞ்ச ஆளு அது. சேலத்துல ஒரு மேட்ச்சுல எனக்குக் காய்ச்சல், யாருக்கும் சொல்லல, அக்கா எதிர்த்தாப்புல வந்து நெத்தியத் தொட்டுக்கூடப் பாக்கல, "நீ ஓடாத, நான் வர்றேன்"னு மட்டும் சொல்லுச்சு, அன்னைக்கு ரெண்டு ஆளு ஓட்டத்தையும் அதுவே ஓடுச்சு. அந்த மனுசிய விட்டுட்டா நான் போறது? இருந்துரு. போ. இருந்துரு. காலு மரத்துக்கிட்டு வருது, விரலு இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

சத்தம் நின்னுருச்சு. கொஞ்ச நேரமா டக்டக்கு கேக்கல, நான்தான் கவனிக்கல. கதவு தெறக்குது. அக்கா நடை எனக்குத் தெரியும், ஒரு காலு அழுத்தி, ஒரு காலு இழுத்து. "ஏம்புள்ள, இன்னுமா உள்ள காலை வெச்சிருக்கற, வெறச்சுப் போகுது பாரு. அந்தத் துண்ட இப்படிப் போடு"ன்னுச்சு. துண்டு என் மடியிலதான் இருந்துச்சு. அக்கா எப்பவும் கதவுக்கு இடப்பக்கம் இருக்கற இரும்பு பெஞ்சுல உக்காந்துதான் ஷூவக் கழட்டும். நான் தொட்டியையே பாத்துக்கிட்டு துண்டைச் சுருட்டித் தோளுக்கு மேல பெஞ்சுப் பக்கம் விட்டேன். சொத்துன்னு ஒரு சத்தம், ஈரத்தரையில விழுந்த சத்தம். திரும்புனேன். பெஞ்சு காலி. அக்கா அறைக்கு அந்தக் கோடியில, ஜன்னலுக்குப் பக்கத்துல நிக்குது. வலது கையத் தலைக்கு மேல நல்லாத் தூக்கிக்கிட்டு நிக்குது. மணிக்கட்டுல மஞ்சக் கைக்குட்டை.

மாதாவே. மஞ்ச ஒசரத்துல இருந்துச்சு. இதுதான், இதுதான் காலையில இருந்து இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. முட்டி வலிச்சு வர முடியாதவ பின்னால நிப்பா, குனிஞ்சு நிப்பா, மூச்சு வாங்கிக்கிட்டு கையத் தொங்கப் போட்டிருப்பா. அக்கா கை மேல இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் மேல இருந்துச்சு. இன்னைக்கு இடப்பக்கம் மூலையில இல்ல, அதுக்கு நேரெதிரா, ஃப்ரீ த்ரோ கோட்டுக்கிட்ட, சுத்தி ஒரு ஆளு இல்லாத எடத்துல, பாலை இங்க போடுன்னு கையத் தூக்கிக்கிட்டு, எனக்கு முன்னாடியே போயி நின்னுக்கிட்டு இருந்திருக்கு. அந்த முட்டிய வெச்சுக்கிட்டு எனக்கு முன்னாடி. திரும்பிப் பாத்திருந்தா அவ்வளவு சுளுவான பாஸ், பச்சப்புள்ள கூடப் போடும். நான்தான் பாக்கல. நான் பாக்கறேனான்னு ஒரு வாரமா ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல நின்னு கையத் தூக்கியிருக்கு. டீக்கடையில "அங்க யாரு நின்னா?"ன்னு கேட்டுச்சே, அன்னைக்கே முடிவு பண்ணிருச்சு, நான் போயிருவேன்னு எனக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருக்கு, போற ஊர்ல நான் அசிங்கப்படக் கூடாதுன்னு, அந்த மூலைய என் கையில இருந்து கழட்டி எடுத்துக்கிட்டு இருந்திருக்கு. எந்த வாரத்துல? கோச்சு தன்னைய எடை போடற வாரத்துல. "காலு இருக்கா இல்லையா"ன்னு கேட்டாரே அந்தாளு, ஒரு வார்த்தை, "அவதான் கோச் பாக்கல"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, சாரி கோச்னு சொல்லிட்டு உறைய இழுத்துவிட்டுக்கிட்டுப் போச்சே. இப்படி ஒரு பிறவியா. நெஞ்சுல அடி வாங்கிக்கிட்டு அசையாம நிக்கறதை நான் கோர்ட்டுக்குள்ளதான் பாத்திருக்கேன்னு நெனச்சேன்.

"வேணும்னேதானக்கா பண்ற?"

"என்னத்த?"

"காலையில. ஒரு வாரமா."

"முட்டி வலி புள்ள." மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிச்சு, ஆனா கன்னம் சிரிக்குது, எனக்குத் தெரியாதா அந்தக் கன்னம்.

"பொய்யி."

"போச்சாது உடு. போற ஊர்ல எவ தட்டுலயும் பால வீசாத, அவ்வளவுதான். திங்கற சாமானம்."

சிரிச்சுட்டேன், சிரிக்கும்போதே அழுதுட்டேன், மூக்கு ஒழுகுது, தொடைக்கத் துண்டும் இல்ல, அது தரையில கெடக்கு. அந்த நேரம் பாத்து குப்புராஜ் சாரு கதவுல தலைய நீட்டுனாரு. கையில சாப்பாட்டு டிபன், பசி மூஞ்சியில தெரியுது. "என்னம்மா ஜெனிட்டா, முடிவு பண்ணிட்டியா? இருக்கறயா, போறயா?"ன்னாரு. நான் அவரையே திருப்பிக் கேட்டேன், "அக்காவ என்ன சார் பண்ணப் போறீங்க?" அவரு அக்காவ ஒரு தடவை பாத்தாரு, பாத்துட்டுக் குரலைக் கொறச்சுக்கிட்டாரு. "அவங்க காலையிலயே வந்து சொல்லிப்போட்டாங்கம்மா. என்ர பேர ஜெனிட்டா பேரோட சேத்திப் பேசாதீங்க, தனியாப் பேசுங்க, வேணும்னா வெச்சுக்குங்க, வேண்டாம்னா உட்டுருங்கன்னு. இந்த வாரம் ஆட்டம் அப்படி இப்படின்னு இருக்கறதால கோச்சுதான் கொஞ்சம் யோசிக்கறாரு." அக்கா ஜன்னல் திண்டுல அக்கட்டால திரும்பி உக்காந்து ஷூ கயித்த அவுத்துக்கிட்டு இருக்கு, எவ பேரையோ பேசற மாதிரி.

"ஆட்டம் ஒண்ணும் அப்படி இப்படி இல்ல சார்"னேன். குரலு எனக்கே புதுசா இருந்துச்சு. "அக்கா நிக்க வேண்டிய எடத்துலதான் நின்னுச்சு, என்னையவிட நல்ல எடத்துல நின்னுச்சு. பாக்காமப் போட்டது நான். இப்பவே கோச்சுகிட்ட வர்றேன், எந்தெந்த பாஸுன்னு நின்னு காட்டறேன். அக்காவ விட்டீங்கன்னா இந்தக் கிளப்புக்குக் கண்ணு இல்லன்னு அர்த்தம்." அக்கா, "ஏய், சும்மா இரு புள்ள"ன்னு அதட்டுச்சு. நான் சும்மா இருக்கல.

"சரிம்மா, கோச்சுகிட்ட பேசலாம். நீ? உன்னைய என்னன்னு எழுத?"

"வெளிய போறேன்னு எழுதுங்க சார்."

சொல்லிட்டேன். தலைக்கு மேல கூரை இடிஞ்சு விழுகல, ஃபேன் சுத்திக்கிட்டுதான் இருக்கு. தொட்டியில இருந்து காலை எடுத்து வெளிய வெச்சேன். வெச்ச எடம் தெரியல, தரையா ஐஸான்னு தெரியல, சுவத்தப் புடிச்சுக்கிட்டு பெஞ்சு வரைக்கும் தத்தித் தத்திப் போயி துண்டை எடுத்தேன், ஒரு முனை நனைஞ்சிருந்துச்சு, பிழிஞ்சேன். அக்கா ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தது எந்திரிச்சு, கையத் தூக்காம, சும்மா நின்னுக்கிட்டு என்னையவே பாக்குது. வெளிச்சத்துல காதோரம் நரை தெரியுது, இது எப்ப வந்துச்சு, நான் எங்க பாத்தேன். கழுத்தை முழுசாத் திருப்பி, அக்கா எங்க நிக்குதுன்னு நல்லாப் பாத்துட்டுத் துண்டைப் போட்டேன்.